மண்டபம் கரையில் பிளாஸ்மா: நாட்குறிப்பு

நவம்பர் 4

கனமான அணுக்கருக்கள் அதிவேகத்தில் மோதும்போது புரோட்டானும் நியூட்ரானும் உருகி உண்டாகும் சூடான திரவம்தான் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. அதைக் கணினியில் உருவாக்க, முதலில் மோதவிட ஈய அணுக்கரு இரண்டு வேண்டும். கருவுக்கு 208 நியூக்ளியான் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்த்து). வுட்ஸ்-சாக்ஸன் பரவல் (நடுவில் சீராக இருந்து விளிம்பில் மெல்லக் குறையும் அடர்த்தி), ஆரம் 6.62 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்), விளிம்பு மங்கல் 0.546. பலரும் இடறுவது இங்கேதான். அடர்த்தியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்காமல் தூவினால் எல்லாம் நடுவில் குவிந்துவிடும். துருவக் கோணத்தையும் (அச்சிலிருந்து அளப்பது) அப்படியே சீராக எடுக்கக் கூடாது. அதன் கொசைன்தான் சீராக இருக்க வேண்டும். இரண்டு நியூக்ளியானுக்கு நடுவே 0.4 ஃபெர்மிகூட இல்லையென்றால் மறுபடி தூவு.

2.76 டெரா எலக்ட்ரான்வோல்ட் மோதலுக்குக் குறுக்குவெட்டு (இரண்டு நியூக்ளியான் மோதும் வாய்ப்பைச் சொல்லும் பரப்பு) 64 மில்லிபார்ன், அதாவது 6.4 சதுர ஃபெர்மி. பையால் (π) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.43. பக்கவாட்டில் அதற்குள் நெருங்கிய ஜோடி மோதியதாகக் கணக்கு. மையங்கள் 8 ஃபெர்மி விலகி மோதினால், மேற்பொருந்தும் பகுதி மேலிருந்து பார்த்த வல்லம் படகுபோல இருமுனையும் கூராக வரும்.

நவம்பர் 5

ஒரே லூப்பில் 40 ரன் கிளப்பினால் சில நிகழ்வுகள் அச்சு அசலாக ஒன்றாக வருகின்றன. விதை எண்ணை (சீரற்ற எண் வரிசை தொடங்கும் எண்) வினாடிக் கடிகாரத்திலிருந்து எடுத்ததுதான் காரணம். ரன் எண்ணையே விதையாக்கியதும் சரியானது.

நவம்பர் 7

ஆற்றல் அடர்த்தி: ஒரு கன ஃபெர்மிக்கு 10 ஜிகா எலக்ட்ரான்வோல்ட். நிரலுக்குள் எல்லாமே ஃபெர்மியில்தான் ஓடும் என்பதால், ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டை ஃபெர்மிக்கு மாற்றும் மாறிலியான 0.1973ஆல் வகுத்து 50.7 ஆக்க வேண்டும். திரும்பி வரும்போது பெருக்க மறந்தால் அடர்த்தி ஐந்து மடங்காகும். வெப்பநிலை அதன் நான்காம் மூலமாகப் போவதால் ஒன்றரை மடங்குதான் பிசகும். 300 மெகா எலக்ட்ரான்வோல்ட் (வெப்பநிலைக்கும் இந்த அலகுதான்) 450 ஆகத் தெரியும். 'நல்ல சூடான மோதல்' என்று நம்பிவிடத் தோன்றும். தப்பு பெரிதாக இருந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

நவம்பர் 8

ஈயத்தை ஓட்டுமுன் விடை தெரிந்த கணக்கு ஒன்று. பக்கவாட்டில் சீரான, பாகுத்தன்மை இல்லாத பியார்க்கன் விரிவு (மோதல் திசையில் மட்டும் விரிந்து குளிரும் எளிய மாதிரி). அழுத்தம் ஆற்றல் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு. 0.6 ஃபெர்மி நேரத்தில் 400 மெகா எலக்ட்ரான்வோல்ட் என்று தொடங்கினால், எட்டு மடங்கு நேரத்தில், அதாவது 4.8இல், வெப்பநிலை சரிபாதி: 200. வரவில்லையென்றால் மேலே போகாதே. (ஒரு ஃபெர்மி நேரம் என்பது ஒளி அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரம், சுமார் 3.3 × 10⁻²⁴ வினாடி.)

நவம்பர் 11

இரவெல்லாம் வாடை. கரண்ட் நாலு தடவை போனது.

கட்டம் 301 × 301, இடைவெளி 0.1 ஃபெர்மி, நேரப்படி 0.02. பத்து ஃபெர்மி நேரம் ஓட 500 படி. செல் கணக்கில் நாலரைக் கோடி. 50 படிக்கு ஒருமுறை நிலையைச் சேமி. பழைய கோப்பின் மேலேயே எழுதாதே. எழுதும் நடுவில் கரண்ட் போனால் இரண்டும் இல்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்த பிறகு பெயரை மாற்று.

பாகுத்தன்மைக்கும் என்ட்ரோபி அடர்த்திக்கும் உள்ள விகிதம் 0.08 ஒரு ரன், 0.2 இன்னொன்று. முதலாவதில் தொடக்கத்து மேடு பள்ளம் கடைசிவரை தெரிகிறது, இரண்டாவதில் மழுங்கிவிடுகிறது. தனுஷ்கோடியில் இந்தப் பக்கம் அமைதியான பெண்கடல், அந்தப் பக்கம் அலையடிக்கும் ஆண்கடல் என்பார்களே, படங்களை அருகருகே வைத்தால் அந்த ஞாபகம்தான். வாடை பிடித்துவிட்டால் பெண்கடலும் சும்மா இருப்பதில்லை என்பது வேறு.

ஓரத்து மெல்லிய செல்களில் பாகு அழுத்தம் சாதாரண அழுத்தத்தை மிஞ்சி நிரல் வெடிக்கும். வெட்டிக் குறைக்கலாம், ஆனால் எத்தனை செல், எந்த வெப்பநிலையில் என்று அச்சிட்டுப் பார். 155 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே என்றால் பாதகமில்லை, அங்கே பிளாஸ்மா ஏற்கனவே சாதாரணத் துகள்களாகியிருக்கும். மேலே என்றால் நேரப்படியைப் பாதியாக்கு.

நவம்பர் 14

நீள்வட்ட ஓட்டம்: துகள்கள் எல்லாத் திசையிலும் சமமாகப் போகாமல் ஓர் அச்சின் இரு பக்கமும் அதிகமாகப் போவதன் அளவு. துகள்களின் கோணக் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கும்போது ஒவ்வொரு துகளும் தன்னோடு தானே ஜோடி சேர்ந்துவிடும். அதைக் கழிக்காமல், ஓட்டமே இல்லாத 1,000 சீரற்ற கோணங்களைக் கொடுத்தாலும் ஓட்டம் 0.03 என்று வருகிறது. கழித்தால் வர்க்கம் பூஜ்யத்தைச் சுற்றி ஆடும், சில நிகழ்வில் மைனஸிலும் போகும். மைனஸைத் தூக்கி எறியாமல், எல்லா நிகழ்வுக்கும் சராசரி எடுத்த பிறகே வர்க்கமூலம்.