மூன்றும் ஏழும்

இருபத்தொன்பதாம் கேள்விக்கு மூன்று, முப்பதாம் கேள்விக்கு ஏழு. புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் முப்பது கேள்விப் படிவம் அது. ஆய்வுக்காக இரண்டையும் நான்தான் வட்டமிட்டேன். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க, அவர் சொன்னார். வாசிக்கலாம், விளக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

கடந்த வாரத்தில் உடல்நலம் மொத்தத்தில் எப்படி என்பது இருபத்தொன்பதாம் கேள்வி. வாழ்க்கைத் தரம் எப்படி என்பது அடுத்தது. ஒன்று என்றால் மிக மோசம், ஏழு என்றால் மிக நன்று. ஒரு மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். வலி, அசதி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ‘மிக அதிகம்’ என்றவர், வாழ்க்கைக்கு மட்டும் யோசிக்காமல் ஏழு என்றார். மார்புப் புற்றுநோய்க்கென்று தனியாக உள்ள 23 கேள்விகளில் கை வீக்கம் வந்தபோது, மறுபடியும் ‘மிக அதிகம்’.

காரணம், படிவத்தை மூடிய பிறகுதான் வந்தது. “கல்யாணமாகி வந்த நாள் முதல் குடம் தூக்காத நாளே இல்லை கண்ணு. இப்போது அவரே போய்ப் பிடித்து வருகிறார். மாமியார்கூட, நீ உட்கார் என்கிறார்.” சிரித்தார். அதற்குள் மருந்துக் கடையிலிருந்து கணவர் வந்துவிட்டார். வந்தவர் கேட்டது ஒன்றுதான்: “எப்போதிலிருந்துங்க பாரம் தூக்கலாம்?”

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கோப்பைப் பைக்குள் திணிப்பதிலேயே மும்முரமாக இருந்தார். “பிசியோதெரபி பிரிவில் கேளுங்கள்” என்றேன்.

சரியான பதில்தான். நான் படிவம் நிரப்ப வந்தவள், மருத்துவம் சொல்ல அல்ல. ஆனால் பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கும், அந்தக் கையால் பாரமே தூக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் எல்லோருக்கும் சொன்னார்கள். மேற்பார்வையோடு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பயிற்சி செய்தால் வீக்கம் அதிகமாவதில்லை என்று 2009இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிய பிறகு அந்த அறிவுரை தளர்ந்துவிட்டது. எங்கள் பிரிவிலும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். அவருடைய ஏழு நின்றதோ பழைய அறிவுரையின் மேல். நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றுவது பயிற்சி ஆகாது என்று நான் சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதானே. சொல்லியிருந்தால், அளக்க வந்தவள் அளக்கப்படுவதில் கை வைத்தவள் ஆகியிருப்பேன். சொல்லாமல் விட்டதால் கை வைக்கவில்லையா என்ன?

தரவைச் சரிபார்ப்பவர் அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பினார். மூன்றும் ஏழும் ஒத்துப்போகவில்லை, அந்த அம்மாளுக்குக் கேள்வி புரிந்ததா என்று கேட்டிருந்தார். புரிந்தது என்று பதில் எழுதினேன். நோயாளியின் உள் அளவுகோலே நோயால் மாறிவிடும், அதனால் இப்படி வரும் என்றார் அவர். ஆய்வாளர்கள் இதைப் பல காலமாகப் பேசி வருகிறார்கள். பலருக்குப் பொருந்தவும் பொருந்தும். இவர் விஷயத்தில் எனக்கு ஒப்பவில்லை. மாறியது அளவுகோல் அல்ல, வீடு.

எப்படியும் இரண்டும் தனியாக நிற்கப்போவதில்லை. கணக்கிடும் முறை அப்படி: இரண்டு விடைகளின் சராசரி ஐந்து, அதில் ஒன்றைக் கழித்து, ஆறால் வகுத்து, நூறால் பெருக்கினால் 66.7. மூன்றும் இல்லை, ஏழும் இல்லை. ஆயிரம் பேரைப் பற்றிப் பேச இது போதும், அந்த வகையில் இந்தக் கருவி மேல் எனக்கு மரியாதை உண்டு. 1993இல் வெளியான முப்பது கேள்விகள் இத்தனை நாடுகளில் புழங்குவது சும்மா அல்ல.

அடுத்த சுற்றில் அவருக்குப் படிவம் நிரப்பியது வேறொருவர். இரண்டு கேள்விக்கும் ஐந்து, ஐந்து. உடல்நலம் ஏறியிருக்கிறது, வாழ்க்கை இறங்கியிருக்கிறது, மதிப்பெண் அதே 66.7. கணக்கில் அவர் ‘மாற்றமில்லை’ என்ற பட்டியலில் சேர்ந்துவிட்டார். பிசியோதெரபியில் என்ன சொன்னார்களோ. அது காரணமாகவே இல்லாமலும் இருக்கலாம். கடன், மகன் படிப்பு, அந்த வாரத்துக் காய்ச்சல் என்று எதுவும் ஒரு எண்ணை இறக்கும். விசாரிக்கலாம், கைபேசி எண் கோப்பில் இருக்கிறது. ஆய்வுக்கென்று வாங்கிய எண்ணில் அழைத்து, வீட்டில் இப்போது தண்ணீர் யார் எடுக்கிறார்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? அந்த அழைப்பைக் கணவர் எடுத்தால் அவரிடம் என்னவென்று சொல்வது?