ஒரு வேலைக்காரியின் கேள்வி

எங்கள் குழுவை அழைத்துப்போன ஆயர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். எருசலேமில் பொதுவாக எது பக்கத்தில் இருக்கிறதோ, எங்கே கூட்டம் குறைவோ, அந்தக் கணக்கில்தான் வழிகாட்டிகள் கூட்டிப்போவார்கள். இவரோ, "மேல்வீட்டறை, கெத்செமனே, பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு. மூன்றும் ஒரே நாளில், இதே வரிசையில் வேண்டும்" என்று சொல்லிவிட்டார். சீயோன் மலையிலிருந்து கிளம்பி, மறுபடியும் சீயோன் மலைக்கே வந்து சேர்ந்ததில் பேருந்து ஓட்டுநருக்கு ஏக சலிப்பு. ஆனால் அப்படிப் போனதால்தான், சேவல் கூவுமுன் மூன்று தரம் "இயேசுவை அறியேன்" என்று பேதுரு மறுதலித்த அந்த ஒரு இரவு எனக்குக் கோவையாகப் புரிந்தது.

மேல்வீட்டறை என்று காட்டப்படும் மண்டபத்தில் பலிபீடம் இல்லை, இருக்கைகள் இல்லை. தூண்களும் கல்தரையும்தான். இப்போது நிற்பது சிலுவைப்போர்க் காலத்தை ஒட்டிய கட்டடம். 16-ம் நூற்றாண்டில் ஓட்டோமானியர் அதை மசூதியாக்கினார்கள். மெக்காவின் திசை காட்டும் மாடம் இன்றும் சுவரில் இருக்கிறது. ஆண்டவர் அப்பம் பிட்ட அறை இங்கேதான் இருந்தது என்பது பழைய மரபு, அவ்வளவுதான். ஆயர் மத்தேயு 26-ஐ வாசித்தார். "உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்." (லூக்காவும் யோவானும் பேதுருவின் சவாலைப் பந்தி வேளையில் சொல்கிறார்கள், மத்தேயுவும் மாற்குவும் ஒலிவமலைக்குப் போகும்போது என்கிறார்கள். எங்கே வாசித்தாலும் தவறில்லை.)

இந்த வசனத்தில் நாம் வழக்கமாகப் பின்பாதியைத்தான் பிடித்துக்கொள்வோம். "நான் இடறலடையேன்" என்றான், இடறினான், அகங்காரம் அழிவைத் தந்தது என்று பிரசங்கம் முடிந்துவிடும். அன்றைக்கு எனக்கு முன்பாதி உறுத்தியது. "எல்லாரும் இடறலடைந்தாலும்" என்று அவன் சொல்லும்போது யோவான் பக்கத்தில் இருக்கிறான். கூடப் பிறந்த அந்திரேயா இருக்கிறான். அவர்கள் விழுவார்கள் என்று ஒத்துக்கொள்ள அவனுக்குக் கொஞ்சமும் சிரமம் இல்லை. ஆண்டவர் சொன்னதை அவன் நம்பாமல் இல்லை. மற்ற பத்துப் பேர் விஷயத்தில் நம்பினான். தன் விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு கேட்டான்.

விசுவாசத்தில் கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு வரும் வியாதி இது. புதிதாக வந்தவனுக்குத் தன்மேல் பயம் இருக்கும். பல வருடம் ஜெபித்து, ஊழியம் செய்து, நாலு பேருக்கு ஆலோசனையும் சொல்லிப் பழகிவிட்டவனுக்குத்தான், அடுத்தவனுடைய விழுகை அடுத்தவனுடைய குணமாகத் தெரியும். அந்த மண்டபத்துக்கு நேர் கீழே தாவீதின் கல்லறை என்று யூதர்கள் ஜெபிக்கும் இடம் இருக்கிறது. "நான் ஒருபோதும் அசைக்கப்படுவதில்லை என்று என் வாழ்விலே சொன்னேன்" என்பது 30-ம் சங்கீதம், தாவீதின் பேரில் உள்ளது. அடுத்த வசனத்திலேயே "நான் கலங்கினவனானேன்" என்று வந்துவிடும். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் ஒரே பேச்சு.

கெத்செமனேயில் எல்லா நாட்டு மக்கள் ஆலயத்தின் உள்ளே பகலிலும் இருட்டுத்தான். 1924-ல் கட்டி முடித்தபோது, இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பர்லூசி வேண்டுமென்றே ஜன்னல்களுக்கு நீலமும் ஊதாவும் கலந்த நிறம் கொடுத்தார்; அது வியாழக்கிழமை இரவு என்று வருகிறவர்கள் மறக்கக்கூடாது என்பதற்காக. பலிபீடத்துக்கு முன்னால், இயேசு அன்றிரவு ஜெபித்த இடம் என்று காட்டப்படும் பாறை. வெளியே எட்டு ஒலிவமரங்கள். இயேசு பார்த்த மரங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. 2012-ல் வெளியான ஆய்வு, சோதிக்க முடிந்த மரங்களின் அடிமரம் 12-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொன்னது. அதுவே எண்ணூறு வருடத்துக்கு மேல், குறைச்சலா என்ன?

அந்தப் பாறையைத் தொட்டுக்கொண்டு பலர் அழுதார்கள். "இனி ஒருநாளும் உம்மை விட்டுப் போகமாட்டேன்" என்று ஒருவர் வாய்விட்டே ஜெபித்தார். யாத்திரையில் இப்படி வாக்குக் கொடுப்பது சுலபம். இடமே நம்மை உருக்கிவிடும். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன், பேதுருவின் வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் ஆண்டவர் வாக்குக் கேட்கவில்லை. "சீமோனே, நித்திரைபண்ணுகிறாயா? ஒரு மணி நேரம் நீ விழித்திருக்கக் கூடாதா?" என்றுதான் கேட்டார். உயிரைத் தருகிறேன் என்றவனிடம் அவர் விட்டுத்தரக் கேட்டது ஒரு மணி நேரத் தூக்கம்.

இன்னொன்றையும் பேதுருவுக்காகச் சொல்ல வேண்டும். கோழை என்று அவனை ஒதுக்கிவிடுகிறவர்கள் யோவான் 18-ஐ மறந்துவிடுகிறார்கள். ஆயுதங்களோடு வந்த கூட்டத்துக்கு எதிராகத் தன்னந்தனியாக வாளை உருவினவன் அவன். பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் மல்குஸின் காது போனது. அந்த இடத்திலேயே அவனை வெட்டிப்போட்டிருக்கலாம். ஆக, சாகத் தயார் என்று சொன்னது வாய்ச்சவடால் இல்லை. அவன் தயாராகத்தான் இருந்தான், வாளோடு வருகிற சாவுக்கு.

வந்ததோ ஒரு வேலைக்காரி.

காய்பாவின் வீடு என்று காட்டப்படும் கல்லிகாந்து ஆலயம் சீயோன் மலையின் கிழக்குச் சரிவில், பழைய நகரத்தின் மதிலுக்கு வெளியே இருக்கிறது. கூரையில் சிலுவைக்கு மேல் ஒரு பொன்னிறச் சேவல். 5-ம் நூற்றாண்டிலேயே இங்கே ஒரு ஆலயம் இருந்தது. இடிக்கப்பட்டது, சிலுவைப்போர் வீரர்கள் திரும்பக் கட்டினார்கள், அதுவும் பாழாய்ப்போனது. இப்போதுள்ளது 1930-களின் தொடக்கத்தில் அசம்ப்ஷனிஸ்ட் சபைத் துறவிகள் எழுப்பியது. காய்பாவின் வீடு இதுதானா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. சீயோன் வாசலுக்குப் பக்கத்தில் அர்மீனியர்கள் வேறொரு இடத்தைக் காட்டுகிறார்கள். எருசலேமில் கோழி வளர்க்கக்கூடாது என்று யூதர்களின் மிஷ்னா என்ற பழைய சட்டத்தொகுப்பில் ஒரு விதி இருக்கிறது, அதனால் கேட்டது சேவலே இல்லை, ரோமர்களின் ஜாமக் கொம்பு என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். விதி இருந்தால் யாரும் கோழி வளர்க்கமாட்டார்கள் என்று நம்புகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

முற்றத்தில் அந்தக் காட்சியைச் சிலையாக வைத்திருக்கிறார்கள். பேதுரு, கேள்வி கேட்கும் பெண், ஒரு சேவகன், மேலே சேவல். அடியில் லத்தீனில் "அவனை அறியேன்" என்ற வார்த்தை. ரொம்ப நேரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் அதிகாரம் எதுவும் இல்லை. "நீயும் அவனோடு இருந்தாயல்லவா" என்பது அடுப்படியில், வாசலில் யாரும் கேட்கும் கேள்வி. பெரிய சோதனைக்கு இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும் நாம் இப்படிப்பட்ட இடத்தில்தான் வழுக்குகிறோம். வேலைசெய்யும் இடத்தில் நம் விசுவாசத்தைப் பற்றி யாரோ சாதாரணமாகக் கேட்கும்போது பேச்சை மாற்றிவிடுவது. ஆண்டவரைப் பற்றிய ஒரு கேலிக்குக் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்துவைப்பது. நாம் மறுதலித்ததாகவே நமக்குத் தோன்றாது.

லூக்கா மட்டும் ஒரு தகவலைத் தருகிறார். இரண்டாம் மறுதலிப்புக்கும் மூன்றாவதற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. இதுவரை நான் அதை மூன்று அடி அடுத்தடுத்து விழுந்ததைப்போலத்தான் நினைத்திருந்தேன். இல்லை. யோசிக்க நேரம் இருந்தது. எழுந்து வெளியே போக நேரம் இருந்தது. தோட்டத்தில் ஜெபிக்காமல் விட்டதும் ஒரு மணி நேரம், இங்கே நெருப்பருகே குளிர்காய்ந்ததும் ஒரு மணி நேரம். பிறகு வந்தவன் மல்குஸின் உறவினன் என்று யோவான் சொல்கிறார். தோட்டத்தில் காட்டிய வீரமே இப்போது அவனைக் காட்டிக்கொடுக்க வந்துவிட்டது. சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினான்.

பின்னாளில் பேதுரு தன் முதலாம் நிருபத்தில், "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று எழுதினான். அதையும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" செய்யவேண்டுமாம். யாவருக்கும் என்றால் அந்த வேலைக்காரிக்கும்தானே. அதை எழுதும்போது அவள் முகம் அவனுக்கு ஞாபகம் வராமல் இருந்திருக்குமா?

ஆலயத்துக்கு அடியில் பாறையில் குடைந்த குழி ஒன்று இருக்கிறது. ஆண்டவரை அன்றிரவு அடைத்துவைத்த இடம் என்று காட்டுகிறார்கள். இன்று படி வழியாக இறங்கலாம். கூரையில் ஒரு வட்டத் துவாரம். ஆதியில் அது ஒன்றுதான் வழி, கயிறு கட்டி இறக்கியிருப்பார்கள் என்றார் வழிகாட்டி. சுவரில் பைசாந்திய காலத்து யாத்திரிகர்கள் இட்ட சிலுவைக் குறிகள். முழங்கால் வலியோடு வந்திருந்த ஒரு அம்மா, "நான் இறங்கலேப்பா, மேலேயே இருந்து கேட்டுக்கிறேன்" என்று துவாரத்தின் பக்கம் நின்றுகொண்டார். கீழே 88-ம் சங்கீதம் வாசிப்பது வழக்கம். எங்கள் கையிலிருந்த தமிழ் வேதாகமத்திலிருந்து ஆயர் வாசித்தார். "எனக்கு அறிமுகமானவர்களை எனக்குத் தூரமாக விலக்கி" என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். துவாரத்தில் அந்த அம்மாவின் தலை தெரிந்தது. அவ்வளவு தூரம்தான். முற்றத்தில் ஒருவன் "அவனை அறியேன்" என்று சத்தியம்பண்ணும் சத்தம் கேட்கிற தூரம்.

லூக்காவின்படி, சேவல் கூவினதும் "கர்த்தர் திரும்பி, பேதுருவை நோக்கிப்பார்த்தார்." அந்தப் பார்வையைப் பற்றி எத்தனையோ பேர் உருகி எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க எதுவும் இல்லை. எனக்கு ஆறுதல் தந்தது அதற்கு முந்திய வார்த்தை: "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." நீ மறுதலிக்காதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்று அவர் சொல்லவில்லை. கோதுமையைப் புடைக்கிறதுபோலப் புடைக்க சாத்தான் உத்தரவு கேட்டான். முறத்தில் போட்டுப் புடைத்தால் பதர் பறக்கும், மணி தங்கும். அந்த இரவில் பேதுருவிடமிருந்து பறந்தது அவன் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம். அவன் கொடுத்த வாக்கு விடியும்வரைகூடத் தாங்கவில்லை. அவனுக்காக ஏறெடுத்த ஜெபம் தாங்கியது. "பேதுருவே விழுந்தான், நாம் எம்மாத்திரம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க தாழ்மைபோல இருக்கும். பல நேரம் அது சோம்பல்தான். பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதான், அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு நாள் கழித்து கலிலேயா. தப்காவில் கடலோரமாக ஒரு சின்ன ஆலயம். 1933-ல் பிரான்சிஸ்கன் துறவிகள் கருங்கல்லில் கட்டியது. உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் ஒரு பாறை, உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்குக் காலை உணவு கொடுத்த இடம் என்று. யோவான் 21-ஐ வாசித்தபோது மேல்வீட்டறையில் உறுத்திய அதே இடம் இங்கேயும் தட்டுப்பட்டது. "இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" சரியாக அந்தப் பழைய ஒப்பீட்டைத்தான் ஆண்டவர் தொடுகிறார். பேதுருவின் பதிலைப் பாருங்கள். "ஆம் ஆண்டவரே, உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்." இவர்களிலும் அதிகமாகவா என்பதற்குப் பதிலே இல்லை. தோமாவும் யோவானும் எதிரில்தான் இருக்கிறார்கள், அவர்களை அளக்க அவனிடம் இப்போது கோல் இல்லை. தன் அன்புக்கும் தன்னைச் சாட்சியாக நிறுத்தவில்லை, "நீர் அறிவீர்" என்று அவரையே சாட்சியாக்குகிறான். அப்புறம்தான், ஒருநாள் அவன் கைகளை நீட்டி மரிப்பான் என்று ஆண்டவர் சொல்கிறார். அன்றைக்கு அவன் சவாலாகச் சொன்னது இன்றைக்கு அவருடைய வாக்காகத் திரும்பி வருகிறது.

இதோடு முடித்துக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். வேதம் அப்படி முடிக்கவில்லை. இரண்டு வசனம் தாண்டினதும் பேதுரு திரும்பி யோவானைப் பார்த்து, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?" என்கிறான். எங்கள் குழுவில் சிரிப்பு எழுந்தது. "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்ற பதிலை ஆயர் எங்களைப் பார்த்தே வாசித்தார்.

கரையில் நின்றபோது, முழங்கால் வலிக்கார அம்மா ஆயரிடம், "இதுக்கப்புறம் பேதுரு விழவே இல்லையா, ஐயா?" என்று கேட்டார். ஆயர் அந்தியோகியாவைச் சொன்னார். கலாத்தியர் 2-ல் இருக்கிறது: புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டான். அங்கேயும் வாள் இல்லை, சிறை இல்லை. யார் என்ன நினைப்பார்களோ என்கிற அதே பழைய பயம், அதுவும் சாப்பாட்டு வேளையில். பெந்தெகொஸ்தே நாளுக்கு அப்புறம், சிறைக்குப் போய் வந்ததற்கு அப்புறம் நடந்தது இது. பவுல் எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

"பேதுரு என்ன பதில் சொன்னானாம்?" என்றார் அம்மா.

பதில் எழுதப்படவில்லை என்றார் ஆயர். இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுலும்" என்று அதில் பேதுரு எழுதியிருந்தான்.