குதிரை மேல் மூட்டை, மூட்டை மேல் கிளெமென்ட்

இங்கிலாந்தின் நார்விச்சுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வேறு வேலை இல்லை. பழைய நிலக்கிழார் குடும்பங்களின் கொடிவழியைத் தேட ஆரம்பித்தேன். முதலில் அகப்பட்டவர்கள் பாஸ்டன்கள் (Paston). நார்ஃபோக் கடற்கரையோரம் இருக்கும் பாஸ்டன் என்ற சிற்றூரின் பெயர்தான் அவர்கள் குடும்பப் பெயரும்.

15-ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுதிய கடிதங்களும் பத்திரங்களும் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருப்பதால், கீழ்நோக்கி வருவது சுலபம். 1429-ல் நீதிபதியான வில்லியம், அவர் மகன் ஜான், அப்புறம் பேரன்கள். மேல்நோக்கிப் போனால் வில்லியத்தின் அப்பா கிளெமென்ட். 1419-ல் இறந்தவர். அவரைத் தாண்டினால் இரண்டு காகிதங்கள், இரண்டு கதைகள்.

ஒன்று அரசருடையது. 1466 ஜூலையில் நான்காம் எட்வர்ட், பாஸ்டன்கள் பரம்பரைக் கனவான்கள், தொன்றுதொட்டுப் பண்ணையடிமைகளை வைத்திருந்தவர்கள் என்று அறிவித்தார். பழைய பத்திரங்களையும் பண்ணை நீதிமன்றச் சுருள்களையும் காட்டி வாங்கிய தீர்ப்பு. பாவம், அதைப் பார்க்க ஜான் இல்லை. மே மாதமே போய்விட்டார். குடும்பக் கொடிவழியின் உச்சியில் வுல்ஸ்டன் என்று ஒருவர் இருக்கிறார். 1066 நார்மன் படையெடுப்புக்குப் பிறகு பிரான்சிலிருந்து வந்தவராம். எனக்குச் சிரிப்பு வந்தது. வுல்ஸ்டன் என்பது நார்மன்கள் வருவதற்கு முன்பே இங்கே புழங்கிய அசல் ஆங்கிலப் பெயர். கதை கட்டியவர் பெயரையாவது பிரெஞ்சில் வைத்திருக்கலாம்.

இன்னொன்று எதிரி யாரோ எழுதிய மொட்டைக் கடுதாசி. கிளெமென்ட் ஒரு சாதாரண உழவர் என்கிறது அது. அதிகம் போனால் நூற்றிருபது ஏக்கர், அதிலும் பெரும்பகுதி கிமிங்ஹாம் பண்ணைக்குக் கட்டுப்பட்ட நிலம். சேணம்கூட இல்லாத குதிரையில் தானிய மூட்டையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஆலைக்குப் போவார். திரும்பும்போது மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வருவார். விண்டர்டன் என்ற கடலோர ஊருக்கு வண்டி ஓட்டிப் போய்த் தானியம் விற்பார். மனைவி பண்ணையடிமைக் குலம். மைத்துனர் ஜெஃப்ரியும் அப்படித்தான்; ஆனால் வக்கீல் தொழிலோடு பாவமன்னிப்புச் சீட்டும் விற்றுக் காசு சேர்த்தவர். வில்லியம் படித்தது அப்பா வாங்கிய கடனிலும் இந்த மாமாவின் தயவிலும்.

இது வெறும் வசவு இல்லை. அடிமைக் குலம் என்று நிரூபித்துவிட்டால், அவர்கள் சேர்த்த சொத்தை எல்லாம் எஜமான் தனக்கென்று கேட்கலாம். அதனால்தான் அரசர்வரை போனார்கள்.

சரி, நடுநிலையான சாட்சி கிடைக்குமா என்று தேடினேன். அந்தக் காலத்தில் நிலம் கைமாறும்போது, ஒரே தோலில் உடன்படிக்கையை மூன்று முறை எழுதி நெளிநெளியாக வெட்டுவார்கள். கட்சிக்காரர்களுக்கு ஆளுக்கொன்று, அடித்துண்டு அரசுக்கு. நம் ரசீதுப் புத்தகத்து அடிக்கட்டை மாதிரி. 1195 முதல் அந்த அடித்துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நிலக்காரர் இறந்தால் நடக்கும் விசாரணைப் பதிவுகளும் உண்டு. அவை அரசரிடமே நேரடியாக நிலம் பெற்றவர்களுக்கு. இரண்டிலும் நிலம் இருந்தால்தான் பெயர் இருக்கும். சேணமில்லாக் குதிரைக்காரரின் தாத்தாவை அங்கே தேடுவது வீண் வேலை.

நான் மொட்டைக் கடுதாசியைத்தான் நம்புகிறேன். கெடுக்க எழுதியதுதான். ஆனாலும் பொய் சொல்பவனுக்கு மாவு மூட்டை எதற்கு?

போன மாதம் பாஸ்டன் போயிருந்தேன். கூரை வேய்ந்த தேவாலயம். உள்ளே 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேத்தரின் பாஸ்டனுக்குப் பெரிய பளிங்கு நினைவுச்சின்னம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விண்டர்டன் போகும் சாலையில் காரைத் திருப்பினேன். இருபது கிலோமீட்டருக்கு மேல் வரும். பாரம் ஏற்றிய வண்டிக்கு அரை நாளாவது ஆகியிருக்கும்.