வளைவும் வண்ணக் கண்ணாடியும்: ஓவியத்தையும் பொறியியலையும் ஒரே பாடமாக்கிய அனுபவம்

எங்கள் கத்தோலிக்கப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் ஓவியத்தையும் பொறியியலையும் சேர்த்து ஒரு பாடம் நடத்தலாம் என்று நானும் ஓவிய ஆசிரியையும் கேட்டபோது, முதலில் வந்த கேள்வி "போர்ஷன் எப்படி முடியும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. விசை, சமநிலை, வடிவியல், வண்ணம் என்று ஏற்கெனவே உள்ள பாடங்களைத்தான் இதற்குள் நடத்தப்போகிறோம் என்று பாடவாரியாக எழுதிக் கொடுத்தோம். தலைமையாசிரியையான அருட்சகோதரி ஒப்புக்கொண்டார். இரண்டு பீரியட்களை அடுத்தடுத்து வாங்குவதற்குத்தான் கால அட்டவணை போடுபவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

என்ன செய்ய வைப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ரோபோ செய்து அதற்குப் பெயின்ட் அடிப்பதைக் கலை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பெயின்ட் இல்லாவிட்டாலும் அது ஓடும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறியே ஆக வேண்டும். அப்படி ஒரு வேலை வேண்டும். சிற்றாலய மாதிரி செய்வது என்று முடிவானது. மறைக்கல்வி ஆசிரியர் போட்ட நிபந்தனை: எங்கே உட்கார்ந்தாலும் பீடம் தெரிய வேண்டும். அதோடு நடுத்தூண் போச்சு. கூரையை வளைவுதான் தாங்க வேண்டும்.

வளைவுக்கு ஒரு மெல்லிய சங்கிலி போதும். இரு முனைகளையும் சுவரில் மாட்டித் தொங்கவிட்டு, அந்தக் கோட்டைச் சார்ட்டில் வரைந்து தலைகீழாகத் திருப்பினோம். தொங்கும் சங்கிலியைக் கவிழ்த்தால் நிற்கும் வளைவு கிடைக்கும் என்பதை ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இலேயே எழுத்துப் புதிராக வெளியிட்டிருந்தார். ஸ்பெயினின் கட்டடக் கலைஞர் கௌடியும் கயிறுகளில் சிறு பைகளைத் தொங்கவிட்டுத்தான் ஓர் ஆலயத்தை வடிவமைத்தார். தெர்மாகோலை அந்தக் கோட்டின்படி துண்டுகளாக வெட்டி அடுக்கினால், பசையே இல்லாமல் நிற்கிறது! ஒரு மாணவி சங்கிலியின் நடுவில் பூட்டு ஒன்றை மாட்டினாள். வளைவு கீழே கூர்மையானது. கவிழ்த்துப் பார்த்தால் இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணி ஆலயங்களின் கூர்வளைவு மாதிரியே இருந்தது. அதை நான் திட்டத்தில் எழுதவேயில்லை.

அப்புறம் ஜன்னல்கள். கூரையின் பாரத்தை வெளியிலிருந்து முட்டுகள் தாங்கிக்கொண்டதால்தான் பிரான்ஸின் ஷார்த்ர் பேராலயத்தில் அவ்வளவு பெரிய வண்ணச் சாளரங்கள் வைக்க முடிந்தது. அங்கே கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் ஈயப் பட்டைதான் படத்தின் கறுப்புக் கோடும். நாங்கள் கறுப்பு அட்டையையும் செல்லோபேன் தாளையும் வைத்துச் செய்தோம். புறாவின் இறக்கையை நீளமாக வரைந்த குழுவுக்கு நடுவில் அட்டை தொய்ந்தது. குறுக்கே ஒரு பட்டை வைத்தே ஆக வேண்டும். வைத்தார்கள், அதையே ஒலிவக் கிளையாகவும் வரைந்துவிட்டார்கள்.

மதிப்பெண்தான் இழுபறி. ஓவியத்துக்குத் தனி, அறிவியலுக்குத் தனி என்று போட்டால் பழையபடி பிரிந்துவிடும். அதனால் குறிப்பேட்டுக்குத்தான் பெரும்பங்கு கொடுத்தோம்: எதை மாற்றினாய், ஏன், அதனால் வேறு எது மாறியது? சில பெற்றோர்கள் "இதில் எது சயின்ஸ் மார்க்?" என்று கேட்டார்கள். குறிப்பேட்டை விரித்துக் காட்டியதும் பாதிப் பேர் சமாதானமானார்கள், மீதிப் பேர் இல்லை.

இப்போது இசை ஆசிரியர் தனக்கும் இடம் கேட்கிறார். ஆர்கன் குழாயின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே போகும். பிளாஸ்டிக் குழாயை வைத்தே செய்து பார்க்கலாம். மூன்றாவது பீரியடை யாரிடம் கேட்பது என்பதில்தான் நிற்கிறோம்.