இருட்டு மதி

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலை ஆறரை மணிக்கு அடுப்பில் பால் பொங்கி வரும் நேரம், முன்னறை ஜன்னலில் 'தொப்'பென்று ஒரு சத்தம். தேங்காய் விழுகிற சத்தம் எங்களுக்குப் பழக்கம். இது வேறு மாதிரி, ஈரத்துணியைச் சுவரில் அறைந்தது போல.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். பாலக்காடு ஜில்லா, ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை தமிழில். சுற்றிலும் தென்னந்தோப்பு. போன வருஷம்தான் வீட்டுக்காரர் பழைய மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு ஆள் உயரத்துக்குக் கண்ணாடி போட்டார். காலையில் வெளியே நின்று பார்த்தால் தோப்பு மொத்தமும் அதற்குள் தெரியும். பறவைக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

திண்ணைக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தது. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. வாய் திறந்து மூச்சு வாங்கியது. வயிற்றுக்கு அடியில் சிவப்பாக இருந்ததைப் பார்த்து, "ஐயோ ரத்தம்" என்று கத்திவிட்டேன். அத்தை ஓடி வந்து குனிந்து பார்த்தார். "வாலையுங் காணோமே அம்மிணி. பூனை கடிச்சிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி ஊத்து, பாவம்" என்றார்.

சங்கு எடுக்கத்தான் உள்ளே போனேன். எடுத்தும் விட்டேன். எட்டு வயதில் ஒரு மைனாக் குஞ்சுக்கு இதே மாதிரிச் சங்கில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இரண்டே மடக்கு, கையிலேயே தலை சாய்ந்துவிட்டது. "தாகத்துல கெடந்துது, தாங்கலை" என்று அப்புச்சி, அம்மாவின் அப்பா, சொன்னார். இன்னும் கொஞ்சம் முன்னாடி ஊற்றியிருக்கலாமே என்று ரொம்ப நாள் அழுதேன். அந்த ஞாபகம் வந்ததும், முதலில் யாரையாவது கேட்டுவிடுவோம் என்று சங்கைக் கீழே வைத்தேன். அறிவெல்லாம் இல்லை, பயம்தான்.

துண்டைப் போட்டு மூடி அள்ளி, மகளின் செருப்பு டப்பாவில் வைத்தாயிற்று. காம்பஸால் நாலு பக்கமும் ஓட்டை போட்டது அவள். பிறகு வனத்துறைக்குப் போன். காட்டுப்பன்றி தொல்லைக்காகச் சேமித்து வைத்திருந்த நம்பர். அது தமிழ்நாட்டுப் பக்கத்து ஆபீஸ். "நீங்க கேரளாங்களா, அங்கதான் பேசோணும்" என்று வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்து நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினால், "ஏது கிளியா?" என்றார் எடுத்தவர். "கிளி இல்லைங்க, குருவி" என்றேன். "அதே, ஏது கிளி?" மலையாளத்தில் சின்னப் பறவை எல்லாமே கிளிதான், நம்ம கிளி அவர்களுக்குத் தத்த. 12 வருஷமாக இங்கே குடித்தனம் நடத்தியும் அவசரத்தில் மறந்து போகிறது. மத்தியானம் வரை அனுப்ப ஆள் இல்லை, முதலில் மிருகாசுபத்திரியில் காட்டுங்கள், வீட்டில் வளர்க்கிற எண்ணம் வேண்டாம், 1972 சட்டப்படி குற்றம் என்றார். வளர்க்கிற எண்ணமா! பாலே பொங்கி அடுப்பு அணைந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் இரண்டு ஆடு, வயிறு உப்பிய கன்று ஒன்று. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். உள்ளே சத்தமே இல்லை. உயிர் இருக்கிறதா என்ற தவிப்பில் இரண்டு தடவை மூடியைத் தூக்கினேன். இரண்டு தடவையும் அது மூலையில் ஒடுங்கி என்னையே பார்த்தது.

டாக்டரம்மா முதலில் ஃபேனை நிறுத்தச் சொன்னார், அப்புறம் ஜன்னல், கதவு. அதன் பிறகுதான் டப்பாவைத் திறந்தார். துணியில் சுற்றியபடியே டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். ஒவ்வொரு சிறகாக விரித்து மடக்கினார். என் விரலைப் பிடித்து நெஞ்சில் வைத்தார். நடு எலும்பு கத்தி முனை போல் தட்டுப்பட்டது. இருபக்கமும் சதை வற்றியிருந்தது.

சிவப்பு ரத்தமில்லை, அதன் நிறமே அப்படி. வாலை யாரும் கடிக்கவில்லை, பிறவியிலேயே குட்டை வால். ஆறுமணிக்குருவி. காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். மலையாளத்தில் காவி. இமயமலை அடிவாரம், நடு இந்தியக் காடுகள் என்று அங்கெல்லாம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தப் பக்கம் வரும். அந்தப் பயணத்தில் ராத்திரியில்தான் பறக்கும். வந்து இறங்கும் மாதத்தில் இப்படிக் களைத்து விழுவதும் கண்ணாடியில் மோதுவதும் நடப்பதுதானாம். கையில் எடுத்தால் 50, 60 கிராம் இருக்கும், அவ்வளவுதான்.

பூனை கடித்திருந்தால் கதை வேறு, பல்லில் இருக்கும் கிருமிக்கு அன்றைக்கே மருந்து போட வேண்டும் என்றார். இதற்கு? "மருந்தொன்னும் வேண்டா. இருட்டு மதி." இருட்டே போதுமாம்.

தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பேனாவை எடுத்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு அலகு வரைந்தார். நாக்கின் பின்முனையில், அது தொடங்கும் இடத்தில், ஒரு புள்ளி. அதுதான் மூச்சுக்குழாயின் வாசல், மயக்கத்தில் இருக்கும் பறவைக்கு அதை மூடத் தெம்பிருக்காது, ஊற்றுகிற தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும் என்றார். நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எந்து பற்றி?" என்றார், என்ன ஆச்சு என்று. ஒன்றுமில்லை என்றேன். அப்புச்சி போய்ச் சேர்ந்து 9 வருஷம் ஆகிறது. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் டப்பாவை வைத்தோம். டிவி போடவில்லை, மிக்ஸி போடவில்லை, மதியத்துக்குச் சட்னி இல்லாத தோசை. மூடியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு நான்தான் நாலு முறை அங்கே போய் நின்றேன். மூன்று மணிக்கு உள்ளேயிருந்து பரட், பரட்டென்று கீறும் சத்தம் வந்தது.

தோப்புக் கடைசியில் வாய்க்கால் ஓரம், உண்ணிப் புதர் மண்டிய இடத்தில் டப்பாவைச் சாய்த்து வைத்துத் திறந்துவிட்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்தோம். உடனே பறக்கவில்லை. வெளியே குதித்து, நீளக் காலை ஊன்றி நிமிர்ந்து நின்றது. வால் என்று பேருக்கு இருந்ததை மேலும் கீழும் ஆட்டியது. அப்புறம் அலகால் ஒரு காய்ந்த இலையைப் புரட்டிப் போட்டது. இன்னொன்றை. எதையோ கொத்தி விழுங்கியது. எங்கள் மூன்று பேரையும் ஒரு பொருட்டாகவே எண்ணாமல் புதருக்குள் தாழப் பறந்து மறைந்தது.

கண்ணாடிக்கு வெளிப்பக்கம் நாலு விரலுக்கு ஒன்றாக நைலான் கயிறு தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே கட்டினால் பிரயோஜனமில்லை, பிரதிபலிப்பு அப்படியே இருக்கும். மாட்டுக் கொட்டாய் மாதிரி இருக்கிறதென்று வீட்டுக்காரருக்கு வருத்தம்.

அத்தை சாயங்காலம் ஆறு மணி ஆனால் சீரியல் சத்தத்தைக் குறைக்கிறார். ஏனென்று கேட்டால், "காதெல்லாம் எரியுது அம்மிணி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.