பின்னால் வரும் சம்மதம்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு மினிட்ஸ், அதாவது எடுத்த முடிவுகளின் பதிவு, எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வினைச்சொல் ‘அப்ரூவ்’. குழு எதற்குத் தலையாட்டினாலும் ‘அப்ரூவ்டு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

ஒரு மாதம் சர்வர் அறையின் ஏசி பழுதாகிவிட்டது. கூட்டம் வரும்வரை சர்வர் வெந்துகொண்டிருக்க முடியுமா? மேலாளர் தன் செலவு வரம்பைத் தாண்டி, தானே புது ஏசிக்கு ஆர்டர் போட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்துக் கூடிய குழு, சரி என்றது. நானும் வழக்கம்போல் எழுதிக் கொடுத்தேன். பிரிவின் மூத்தவர் அதை வாங்கிப் பார்த்து, சிவப்பு மையால் என் சொல்லை அடித்து, ‘ராட்டிஃபைடு’ என்று மாற்றினார்.

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?” என்றேன்.

பில்லையும் கூட்ட அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “பொருள் 4ஆம் தேதியே வந்தாச்சு. கூட்டம் 25ஆம் தேதி. 25ஆம் தேதிதான் அனுமதி கொடுத்தாங்கன்னு எழுதினா, 4ஆம் தேதி யார் அனுமதியில வாங்கினோம்னு ஆடிட்டர் கேட்பாரே, என்ன சொல்லுவே?”

அன்றைக்குத்தான் புரிந்தது. அலுவலகத்தில் ‘அப்ரூவ்’ என்றால் பெரும்பாலும் இனிமேல் செய்யலாம் என்று பொருள். ‘ராட்டிஃபை’ முதுகுப்பக்கம் பார்க்கிற சொல். அதிகாரம் இல்லாத ஒருவர், அல்லது வரம்பைத் தாண்டிய ஒருவர், நமக்காக ஒன்றைச் செய்துவிட்டார். அதிகாரம் உள்ளவர் பிறகு வந்து “அது நான் செய்ததாகவே இருக்கட்டும்” என்கிறார். சட்டமும் அதை அப்படித்தான் பார்க்கிறது: ஏற்றுக்கொண்டால், அந்தச் செயல் ஆரம்பத்திலிருந்தே அனுமதியோடு நடந்ததாகக் கணக்கு. தமிழில் ‘பின்னேற்பு’ என்று அழகாக ஒரு சொல் இருக்கிறது. ‘பின்’ முன்னாலேயே நிற்பதால் குழப்பத்துக்கே இடமில்லை.

அதே ஏசி விஷயத்தில் இன்னொன்றும் கற்றேன். குழுவில் ஒருவர், “ஏசியை ஏத்துக்கறேன், அவசர டெலிவரிக்குக் கொடுத்த கூடுதல் தொகையை மட்டும் ஏத்துக்க முடியாது” என்றார். அப்படிப் பிரித்தெடுக்க வழியில்லை. ஒரே பரிவர்த்தனை என்றால் முழுதாக ஏற்க வேண்டும், இல்லையென்றால் முழுதாக மறுக்க வேண்டும். விவரம் தெரிந்தே ஏற்கவும் வேண்டும். முக்கிய விவரங்களை மறைத்து வாங்கிய பின்னேற்பு செல்லாது. அதனால்தான் அந்தக் கூடுதல் தொகையை மினிட்ஸில் தனியாகக் குறிப்பிடச் சொன்னார் மூத்தவர்.

‘ராட்டிஃபை’யின் வேர் லத்தீன் ‘ராட்டுஸ்’. கணக்கிட்டு உறுதியானது என்று பொருள். நாம் தினமும் சொல்லும் ‘ரேஷன்’ கூட அந்த வேரிலிருந்து வந்ததுதான். (எலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரொம்ப நாள் எனக்கு எலிதான் ஞாபகம் வந்தது.)

செய்தித்தாளில் இந்தச் சொல் வருவது பெரும்பாலும் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களோடு. அங்கே வரம்பு மீறல் எதுவும் இல்லை. கையெழுத்து முதல் படி, நாட்டைக் கட்டுப்படுத்தும் உறுதிப்பாடு அடுத்த படி. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கலாம் என்பதற்கு, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு போட்ட வெர்சாய் ஒப்பந்தம் போதும். 1919 ஜூனில் அமெரிக்க அதிபர் வில்சன் நேரில் போய்க் கையெழுத்திட்டார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் அந்த நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. கடைசியில் 1921இல் ஜெர்மனியோடு தனியாக ஒரு சமாதான ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. ‘செனட் ராட்டிஃபை செய்தது’ என்று பத்திரிகைகள் எழுதும். கறாராகப் பார்த்தால் செனட் தருவது இசைவு மட்டும்தான், ராட்டிஃபை செய்பவர் அதிபர். மூத்தவர் கையில் அந்தச் செய்தி கிடைத்திருந்தால் சிவப்பு மை தீர்ந்திருக்கும்.

சொல் பிடித்துப்போனால் எல்லா இடத்திலும் போடத் தோன்றும், இல்லையா? என் மினிட்ஸைப் படித்துவிட்டுப் பக்கத்து மேஜை நண்பன் மேலாளருக்கு ஒரு மெயில் போட்டான்: அடுத்த வாரம் எடுக்கப்போகும் மூன்று நாள் லீவை ராட்டிஃபை செய்யும்படி. ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. “எடுத்துட்டு வந்து கேளுங்க, யோசிக்கிறேன்.”