தவக்காலம், எலத்தகிரி

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். பூசைக்குப் போக முடியவில்லை, அது அம்மாவின் கஞ்சி நேரம். பக்கத்து வீட்டு அக்கா தன் நெற்றிச் சாம்பலை விரலால் தொட்டு அம்மாவுக்கும் எனக்கும் சிலுவை போட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மார்ச் 7, வெள்ளி

ராகி மாவைக் கரைத்துக் காய்ச்சி, வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டுகிறேன். ஒரு திப்பி இருந்தாலும் மூக்குக் குழாய் அடைத்துக்கொள்ளும். தலைமாட்டை உயர்த்திவிட்டு, சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி, கஞ்சியை ஊற்றிக் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தானாக இறங்கட்டும் என்றார் நர்ஸ். 200 மில்லி இறங்குவதற்குள் தோள் விட்டுப்போகிறது.

என் சின்ன வயதில் அம்மா களி உருண்டையைக் கீரைக் குழம்பில் தோய்த்து என் வாயில் வைத்து, "மெல்லாதடி, முழுங்கு" என்பாள். விழுங்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கோயில் மைக் வீடு வரை கேட்டது. லூக்கா 4. பாலைவனத்தில் நாற்பது நாள், பசி, கல்லை அப்பமாக்கச் சொல்லும் சோதனை. மனிதன் அப்பத்தினால் மட்டும் உயிர் வாழ்வதில்லை என்று இயேசு சொன்ன இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆண்டவரே, இவள் உயிர் வாழ்வது ராகியினால்தான். வடிகட்டிய ராகி.

மார்ச் 11, செவ்வாய்

செபமாலை. மூன்றாம் பத்தில் தூங்கிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

பொங்கலுக்குப் பிறகு அம்மா நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்கவில்லை. ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. 1956-இல் அவளுக்குப் புதுநன்மை, முதல் தடவை வாங்கியது. அப்போதெல்லாம் நள்ளிரவிலிருந்து ஒரு பருக்கை வாயில் படக் கூடாது, பசியில் பூசையிலேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு என்பாள். அப்படிக் காத்திருந்து வாங்கியவள், இன்று அப்பத்தின் ஒரு துணுக்கைக்கூட விழுங்க முடியாமல் கிடக்கிறாள்.

ஃபாதருக்குப் போன் போட்டேன். "அப்பம் முடியாவிட்டால் திராட்சை இரசம் மட்டும் கொடுக்கலாம்மா, திருச்சபை சட்டத்திலேயே இருக்கிறது. டாக்டரிடம் கேள், நாக்கில் ஒரு சொட்டு போதும்" என்றார். கஞ்சிக்கும் நன்மைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட வேண்டுமா என்று கேட்டேன். நள்ளிரவு உபவாசம் 1957-இல் மூன்று மணி நேரமாகி, 1964-இல் ஒரு மணி நேரமானதாம். நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரமும் கிடையாது. "கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் கிடையாதும்மா."

போனை வைத்துவிட்டு அழுதேன். என்னைப் போல ஒருத்தியையும் நினைத்து அந்த வரியை எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. சளி உறிஞ்ச வேண்டியிருந்தது.

மார்ச் 17, திங்கள்

அம்மாவின் செபப் புத்தகம் அட்டை கிழிந்துவிட்டது. முதல் பக்கத்தில் சேலம் மறைமாவட்டம் என்று இருக்கிறது, 1997-இல் தருமபுரி பிரிவதற்கு முன்பு வாங்கியது. அதை ஒட்ட உட்கார்ந்தவள் பைபிளைத் திறந்துவிட்டேன். முதல் அரசர்கள் 19. எலியா செத்துப்போகட்டும் என்று கேட்டுவிட்டுச் செடியடியில் படுத்துவிடுகிறார். தூதர் திட்டவில்லை. செபம் பண்ணு என்றுகூடச் சொல்லவில்லை. தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறார். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார்! தூதர் திரும்ப வந்து தொட்டு எழுப்புகிறார். அந்த இரண்டாவது தடவையை இத்தனை வருஷமாக நான் கவனிக்கவே இல்லை.

இன்று தட்டு வைத்து, உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பல நாளாக அடுப்படியில் நின்றபடிதான்.

மார்ச் 20, வியாழன்

டாக்டர் சரி என்றுவிட்டார். நன்றாக உட்கார வைத்து, ஒரே ஒரு சொட்டு.

மார்ச் 23, ஞாயிறு

லூக்கா 13, காய்க்காத அத்திமரம். இந்த வருஷமும் விட்டுவையுங்கள், கொத்தி எரு போடுகிறேன் என்கிறார் தோட்டக்காரர். கிணற்றோரப் பெங்களூரா மாமரத்துக்காக அப்பாவிடம் அம்மா கெஞ்சியதும் இதே போலத்தான். அதில் இப்போது கோலிக்குண்டு அளவில் பிஞ்சு.

மார்ச் 25, செவ்வாய்

மங்கள வார்த்தைத் திருநாள், வானதூதர் மாதாவுக்குச் செய்தி சொன்ன நாள். சாயங்காலம் கட்டிலருகே பூசை. கஞ்சி அளக்கும் மேசையில்தான் வெள்ளைத் துணி விரித்தேன். முதுகுக்கு மூன்று தலையணை. ஃபாதர் சின்னக் கரண்டியில் எடுத்து, "கிறிஸ்துவின் இரத்தம்" என்றார். அம்மா தானாக வாயைத் திறந்தாள். ஒரு சொட்டு. உதட்டை மூடிக்கொண்டாள்.

தொண்டைக்குழியைப் பார்க்க மறந்துவிட்டேன். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26, புதன்

ராகி மாவு தீர்ந்துவிட்டது. மில்லுக்குக் கொடுத்து அரைக்க வேண்டும்.